தோல் ஒழுங்குக் குழுவின் பொற்காலம்

உலக நாகரிகத்துக்கு ஜப்பான் அளித்த கொடைகளைப் பட்டியலிடுபவர், எங்கள் இசோகுரா கடற்கரையின் 'தோல் ஒழுங்குக் குழு'வை முதல் பத்துக்குள் சேர்க்காவிட்டால் அவருக்கு நாகரிகம் தெரியாது என்று பொருள். நான் அதன் செயலாளர், நுமாதா. நகர அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் பிறப்புச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தவனை, மனித உடலின் மேற்பரப்பு முழுவதையும் கண்காணிக்கும் பொறுப்புக்கு உயர்த்தினார்கள்.

விதி எளியது. பச்சை குத்திய தோல் கடற்கரையில் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் குழந்தைகள் அழும். பச்சையையே அடையாளமாகக் கொண்ட ரவுடிக் கும்பல் வந்து குடியேறிவிடும். இதுவரை எந்தக் குழந்தையும் அழவில்லை என்பதே விதியின் வெற்றி. விதி வருவதற்கு முன்பும் எதுவும் அழவில்லை. அது கோப்பில் இல்லை.

மறைப்பதற்குத் தோல் நிறப் பிளாஸ்திரி நான்கு அளவுகளில் இருக்கிறது. நியூசிலாந்திலிருந்து வந்த ஒருவருக்கு முப்பத்திரண்டு ஒட்டினேன். அவரை அவர் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை.

ஜூன் மாதக் கூட்டத்தில் ஒரு சிக்கலான வழக்கு வந்தது. தோரிகோஷி சுமியே, வயது நாற்பத்தொன்று. எட்டு ஆண்டுகளாக எங்கள் கடற்கரையின் உயிர்காப்பாளர். பதினான்கு பேரை இழுத்து வந்து போட்டவர். அவருடைய வலது தோளில் ஒரு படகின் பெயர். அதிலிருந்து இறங்கும் நீல அலைகள் விரல் கணுக்கள் வரை வந்து நிற்கும். முழுக்கைச் சட்டை போட்டாலும் கை வெளியே தெரிந்தது. பிளாஸ்திரி தண்ணீரில் உரிந்தது.

தலைவர் கமியோகா, கடலோர விடுதியின் உரிமையாளர், கனிவோடு விசாரித்தார்.

"அது யாரு பேரும்மா?"

"கணவாய் மீன் பிடிக்கிற எங்க படகு பேருங்க. வீட்டுக்காரரோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு."

"ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா பாக்குறவங்க கும்பல்னு நினைப்பாங்களே."

"எந்தக் கும்பலுங்க கணவாய் பிடிக்கப் போகுது?"

"அது நமக்குத் தெரியும். தோலுக்குத் தெரியுமா?"

இந்த வாக்கியத்தைக் கூட்டக் குறிப்பில் அடிக்கோடிட்டேன்.

"கையுறை போட்டுக்கலாமே" என்றேன் நான்.

"ஈரத்துல வழுக்கும் சார். முங்குறவங்க நழுவிப் போயிடுவாங்க."

ஆகவே ஐஸ் துருவி விற்கும் கடைக்கு அவருக்குப் 'பதவி உயர்வு' வழங்கப்பட்டது. அங்கே கையுறை சுகாதாரமும்கூட. அவர் இடத்துக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. காவல் கோபுரத்தை வீணாக்க வேண்டாம் என்று, அதன் நாற்காலியை மணல் பக்கம் திருப்பிப் போட்டு, என்னைத் தொலைநோக்கியுடன் உட்கார வைத்தார்கள். கடலுக்கு யாரும் பச்சை குத்துவதில்லை அல்லவா?

ஜூலையில் 'குடும்பக் கடற்கரை' என்ற விருதுக்காக இரண்டு அதிகாரிகள் கறுப்புக் கோட்டுடன் ஆய்வுக்கு வந்தார்கள். கடல் எவ்வளவு பாதுகாப்பானது என்று காட்டத் தலைவரே நீச்சல் தொப்பியுடன் இறங்கினார். நான் அப்போது ஒருவருடைய முதுகில் இருந்த கருமையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பிறவி மச்சம்தான். இருந்தாலும் ஒட்டிவிட்டேன்.

"தலைவர் நல்லா நீந்துறாரே. எவ்வளவு தூரம் போயிட்டாரு பாருங்க" என்றார் ஓர் அதிகாரி.

"கை காட்டுறாரு" என்றார் மற்றவர். இருவரும் மரியாதையாகத் திருப்பிக் கை காட்டினார்கள்.

சுமியே ஐஸ் கடையிலிருந்து பார்த்திருக்கிறார். கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவரில் தொங்கிய மிதவையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் கடமையுணர்வோடு குறுக்கே நின்றேன்.

"சுமியேம்மா, கையுறை."

"நகருங்க."

"அதிகாரிங்க பாக்குறாங்க."

"ஆள் சாகுறான்யா."

நான் நகர்ந்தேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே விதிமீறல் அதுதான்.

அவர் நீரோட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதிலேயே போய், தலைவரைப் பிடித்து, பக்கவாட்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தலைவரின் வெள்ளைத் தொப்பைமீது நீல அலை போட்ட கை இறுகக் கிடந்தது. கரைக்கு வந்த பிறகும் தலைவர் அந்தக் கையை விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து அவர் விரல்களைப் பிரித்தோம்.

அதிகாரிகளில் ஒருவர் மீட்பைப் படம் எடுத்திருந்தார். "அருமையா வந்திருக்கு. இந்தக் கை மட்டும்…" என்று இழுத்தார். துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த தலைவர் சுமியேவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நுமாதா, பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். கணினியில் முதலில் கையை அழித்தேன். கையில்லாத பெண் குழந்தைகளைப் பயமுறுத்துவாள் என்பதால் ஆளையே அழித்தேன். மிஞ்சிய படத்தில் தலைவர் மல்லாந்தபடி, முழு நிம்மதியாக, தானாகவே கரையை நோக்கி வந்துகொண்டிருந்தார். நகரச் செய்தி மடலில் 'தன் முயற்சியால் கரையேறிய தலைவர்' என்ற தலைப்பில் அது வெளியானது. விருது கிடைத்தது. தலைவருக்குத் துணிச்சலுக்கான கேடயமும் கிடைத்தது. சுமியேவுக்கு, உணவுக் கடையில் கையுறையைக் கழற்றியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

கடிதத்தையும் மடலையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"தலைவருக்கு இடது பக்கம். தண்ணியா இருக்கீங்க."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். ஐஸ் கடை மேலங்கியை அவிழ்த்து மடித்து என் கையில் வைத்தார். மறுவாரமே அடுத்த விரிகுடாவில் காவல் கோபுரத்தில் ஏறிவிட்டதாகக் கேள்வி. கையுறை இல்லாமல்.

எங்களுக்கு அதனால் குறைவொன்றும் இல்லை. குடும்பங்கள் அச்சமின்றி வரலாம். எங்கள் கடற்கரையில் நீரோட்டத்தில் சிக்கியவர்கள் தாங்களாகவே திரும்பி வந்துவிடுகிறார்கள், ஆவணம் இருக்கிறது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி இறங்கிய ஒருவர் மட்டும் இன்னும் வரவில்லை. அவர் உடம்பில் எங்கும் பச்சை குத்தவில்லை என்று அவர் மனைவியிடம் எழுத்துமூலம் உறுதி வாங்கிவிட்டேன்.