ஆறு வெள்ளைக் கூடாரங்கள்

இருபத்தாறு வயதில் நான் என்னை ஒரு உளவாளி என்று நம்பிக்கொண்டிருந்தேன். (இப்போது இருபத்தொன்பது. பெரும்பாலும் குணமாகிவிட்டது.)

நான் உளவு பார்த்த இடம் குண்டசாலையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. கீழே சீமெந்து மூட்டை இறக்கும்போதெல்லாம் மேலே எங்கள் மேசைகள் ஆடும். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படங்களை அனுப்பும். படத்தில் தெரிகிற பொருட்களைச் சுற்றி நாங்கள் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, அது என்னவென்று எழுத வேண்டும். லொறிக்கு மஞ்சள், கட்டடத்துக்கு நீலம். சந்தேகமாக எதையாவது கண்டால் சிவப்பு. சிவப்புக் கட்டம் மற்றவற்றோடு வரிசையில் நிற்காது. நேரே கம்பனியின் நிபுணர்களிடம் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று கேட்கக்கூடாது, பார்த்ததை வெளியே சொல்லவும் கூடாது என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

என் பங்குக்கு ஒரு மலை கிடைத்தது. எந்த நாட்டு மலை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் செய்தி பார்க்கிற எவருக்கும் தெரிந்திருக்கும். அந்த நாடு இரகசியமாக அணுகுண்டு செய்கிறதா இல்லையா என்று மற்ற நாடுகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. மலையின் வயிற்றில் இரண்டு சுரங்க வாசல்கள். வெளியே கொட்டிய மண் கூடுகிறதா, புதிதாக ரோடு வெட்டுகிறார்களா, லொறிகள் கூடுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அடிவாரத்தில் ஐந்தாறு வீடுகள் இருந்தன. அவற்றுக்கும் நீலக் கட்டம் போட வேண்டும். அதைப் போட்டுவிட்டு உடனே மலைக்கு வந்துவிடுவேன். வீட்டைப் பார்க்கவா என்னைப் படிக்க வைத்தார்கள்?

படிக்க வைத்தவர் என் அண்ணன் செல்வம். எங்கள் ஊர் மடுல்கெல்ல. அப்பா, அம்மா இறந்த பிறகு அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி, குண்டசாலையில் கூடாரமும் உட்காரப் பிளாஸ்டிக் கதிரையும் வாடகைக்கு விட ஆரம்பித்தார். கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் தன் பழைய லொறியில் திகன வரைக்கும் ஏற்றிப் போவார். அவர் தூக்கி அடுக்கிய கதிரைகளில்தான் நான் படித்து முடித்தேன். ஒப்பீஸில் யாராவது கேட்டால், "அண்ணன் பிசினஸ் செய்றார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

வேலை கிடைத்த இரண்டாம் வாரம் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவேன். காலையில் அண்ணி, "தம்பி, பகலுக்கு சோறு கட்டவா?" என்று கேட்டால், "இன்னைக்கு நிலைமை எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது அண்ணி" என்பேன்.

"சோத்துக்கு என்னடா நிலைமை?" என்று அண்ணன் உள்ளே இருந்து கேட்பார்.

அப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தப் படம் வந்தது. மலையில் மாற்றமில்லை. அடிவாரத்தில், ஓரமாக இருந்த ஒரு வீட்டுக்கு முன்னால் ஆறு வெள்ளைக் கூடாரங்கள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ரோட்டோரமாக முப்பதுக்கும் மேலே வாகனங்கள். இரண்டு நாளைக்கு முன் வந்த படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை.  பயந்துபோனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் சந்தோஷப்பட்டேன்.

ஐந்து மணிக்கு ஒப்பீஸைப் பூட்டிவிடுவார்கள். நாளைக் காலையில் ஆற அமர, நல்ல இங்கிலீஷில் குறிப்பு எழுதி அனுப்பலாம் என்று வீட்டுக்கு வந்தேன். கடதாசியில் போட்ட கையெழுத்து வீட்டு வாசல் வரைக்கும்தான் தாங்கியது. தேத்தண்ணிக்கு வைத்திருந்த கிறேக்கர் பிஸ்கட் ஆறை எடுத்து மேசையில் இரண்டு வரிசையாக வைத்தேன். பக்கத்தில் வறுத்த கடலையை வரிசையாகப் பரப்பினேன்.

"அண்ணே, இது என்ன தெரியுமா?"

"பிஸ்கட்."

"ராணுவ முகாம். ரெண்டே நாள்ல போட்டிருக்கான். இந்தக் கடலை எல்லாம் வண்டி."

அண்ணன் கிழிந்த கூடாரத் தறப்பாள் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு வந்து மேசையைப் பார்த்தார்.

"வண்டியெல்லாம் ரோட்டுக்கு ஒரே பக்கமாத்தான் நிக்குதா?"

"ஆமா."

"ரெண்டு வரிசைக்கும் நடுவுல வழி விட்டிருக்கா? வீட்டு வாசல் வரைக்கும்?"

"விட்டிருக்கு. ஆயுதம் கொண்டு போறதுக்கு."

"செத்த வீடுடா அது," என்றார் அண்ணன்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கல்யாணம்னா கூடாரத்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் கேப்பாங்க, மழை வந்தா யாரும் நனையக் கூடாதுன்னு. சாவுக்கு நடுவுல விட்டுத்தான் போடணும். தூக்குறவங்க தோளோட தோள் ஒட்டி வெளிய வரணும்ல. வண்டியை ஒரே பக்கமா நிப்பாட்டச் சொல்றதும் அதுக்குத்தான்."

"அண்ணே, இது ஒண்ணும் நம்ம திகன இல்ல."

"எந்த ஊரா இருந்தாலும் தூக்கிட்டுத்தானே போகணும்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். மூன்று வருடமாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தேடுகிறேன். "பிளாஸ்டிக் கதிரை அடுக்குற ஆளுக்கு அணுகுண்டைப் பத்தி என்ன தெரியும்?"

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி அப்படியே நின்றார். அண்ணன் வரிசை விலகியிருந்த ஒரு பிஸ்கட்டை நேராக வைத்தார். "அதுவும் சரிதான்," என்றார். திரும்பப் போய் ஊசியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சிவப்புக் கட்டம் போட்டேன். அண்ணன் சொன்னது மனதின் ஒரு மூலையில் உறுத்தத்தான் செய்தது. அந்த உறுத்தலுக்காகவே இன்னும் அழுத்தமாக எழுதினேன். இராணுவ முகாமாக இருக்கக்கூடும், அவசரம், மிக அவசரம். மூன்று வரிக் குறிப்பில் 'மிக' நான்கு இடத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை மீட்டிங். மாதத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டு நிபுணர் வீடியோவில் வந்து, எங்கள் வேலையில் நல்லதையும் பிழையையும் எல்லாருக்கும் காட்டுவார். வயதான மனிதர். அவருடைய கெமராவில் நெற்றியும் பின்னால் புத்தக அலுமாரியும் மட்டும்தான் தெரியும். நாங்கள் இருபது பேரும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சுகந்தி அக்கா என் பக்கத்தில். அவர் யாழ்ப்பாணம். நான் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தேன். (பாராட்டுவார்கள் என்று.)

நிபுணர் என் படத்தைக் காட்டினார். பிறகு அதே இடத்தை, அதே நாளில், வேறொரு செய்மதி இன்னும் கிட்டத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். கூடாரங்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் விட்டிருந்த வழியில் ஏழெட்டுப் பேர் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் தோளில் நீளமாக ஏதோ இருந்தது. வீடுகளைத் தாண்டி, வெறும் நிலத்தில், புதிதாக வெட்டிய ஒரு சின்னக் குழி.

"யாரையோ அடக்கம் செய்கிறார்கள்," என்றார் அவர், மெதுவாக, இங்கிலீஷில்.

 சுகந்தி அக்கா முழங்கையால் இடித்து, "ஏதாவது சொல்லும்," என்றார்.

நான் மைக்கை அழுத்தினேன். மன்னிப்புக் கேட்க 'சொறி' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் தயாராக வந்து நின்றது. வாயைத் திறந்தபோது வெளியே வந்தது இதுதான்:

"வெரி குட், சார். தாங்க் யூ."

கீழே சீமெந்து மூட்டை ஒன்று விழுந்தது. மேசைகள் ஆடின. அந்த நெற்றி கொஞ்சம் முன்னால் வந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். "ஒருவர் இறந்துபோயிருக்கிறார்," என்று இன்னும் நிதானமாகச் சொன்னார். நான், "யெஸ், சார். வெரி குட்," என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

நான் டொயிலெட்டுக்குள் போய் அரை மணித்தியாலம் இருந்தேன். சுகந்தி அக்கா வந்து கதவைத் தட்டினார். "வெளியிலை வாரும் தம்பி. ஒருத்தரும் உம்மைக் கடிக்க மாட்டினம்."

கதவைத் திறந்து, "அக்கா, அந்தச் சிவப்பை அழிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

"அழிக்க ஏலாது. போட்டது போட்டதுதான். பக்கத்திலை பிழை எண்டு எழுதி விடுவினம்."

"அதைப் படிப்பாங்களா? சிவப்பை மட்டும் பார்த்துட்டு, குறிப்பைப் படிக்காம…"

சுகந்தி அக்கா வெளியே இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். சின்ன வயதில் அவருடைய ஊரில் மேலே விமானச் சத்தம் கேட்டால் புத்தகப் பையோடு பதுங்குகுழிக்குள் ஓடுவார்களாம். வேறொரு நாள் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு, "முகத்தைக் கழுவிக்கொண்டு வாரும்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். "வெரி குட், சார்" என்ற இடத்தில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டாவது "வெரி குட்"டுக்குத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அண்ணன், "யாருடா செத்தது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதை யோசிக்கவே இல்லை. மூன்று நாளாக அந்தக் கூடாரங்களை எண்ணியிருந்தேன், நீளம் அகலம் அளந்திருந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து, வேலை முடிந்த நேரங்களில், பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம், பச்சையாக எட்டு வரிசை. மாதக் கணக்காக என் கண் முன்னால் இருந்திருக்கிறது. காலையில் எடுத்த படங்களில் பெரும்பாலும் அந்த வரிசைகளுக்கு இடையில் ஒரு புள்ளி இருந்தது. புள்ளிக்குப் பக்கத்தில் மெல்லிய நிழல். நின்றுகொண்டிருந்த ஒரு ஆள். சில நாள் மூன்றாவது வரிசையில், சில நாள் ஏழாவதில். கூடாரங்கள் வந்த நாளுக்குப் பிறகு புள்ளி இல்லை.

அடுத்த படத்தில் பச்சை மங்கியிருந்தது. அதற்கடுத்ததில் ஓரத்து வரிசைகள் மண் நிறமாகிவிட்டன. இதற்குப் போட எங்களிடம் எந்த நிறக் கட்டமும் இருக்கவில்லை. மூன்றாவது வாரம் எட்டு வரிசையில் ஆறு காய்ந்துவிட்டது. வீட்டை ஒட்டிய இரண்டு மட்டும் திரும்பப் பச்சையாக இருந்தன.

அந்த வாரக் கடைசியில் என்னை மாற்றிவிட்டார்கள். வேறொரு நாட்டின் சுப்பர்மார்க்கெட் வாசல்களில் நிற்கும் கார்களுக்குக் கட்டம் போடும் வேலை. அங்கே சிவப்பு நிறமே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு திகனவுக்குக் கூடாரம் கட்டப் போனேன். சின்ன வயதுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ரெண்டு வரிசைதானா?" என்றார். "செத்தவரோட பொண்டாட்டியாத்தான் இருக்கும். அதுவரைக்கும்தான் தண்ணி தூக்க முடிஞ்சிருக்கு."

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது…"

"கயிறை இழுத்துப் பிடி. தொங்குது பார்."

பிடித்தேன். அதற்கு மேல் அதைப் பேச அவர் விடவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கூடாரத்துக்குப் பெயரே மாறிவிட்டது. அண்ணன் லொறியில் சாமான் ஏற்றினால் அண்ணி, "இன்னைக்கு எந்த ஊர்ல ராணுவ முகாம்?" என்று கேட்பார். தொலைபேசியில் ஓடர் கொடுக்கிற தெரிந்தவர்கள்கூட, "நாலு முகாம் வேணும் செல்வம்" என்பார்கள்.

போன வருடம் ஒரு பின்னேரம், அந்த நாட்டின் மலைகளில் குண்டு போட்டிருக்கிறார்கள் என்று டிவியில் செய்தி வந்தது. மண் நிற மலை, மேலே புகை. என் மலைதானா என்று தெரியவில்லை. மேலிருந்தே பார்த்துப் பழகிய மலையைப் பக்கவாட்டில் காட்டினால் எனக்கு அடையாளம் தெரியாது. அண்ணி பழக்கத்தில், "தம்பி, உங்க முகாமா?" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த வீடு சுரங்கத்துக்கு எவ்வளவு தூரம்?"

"படத்துல நாலு விரல்."

"நடந்தா?"

"பத்து நிமிஷம் இருக்கும். வயசானவங்கன்னா இன்னும் கொஞ்சம்."

அவர் டிவியை நிறுத்தினார். மறுநாள், அந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று சுகந்தி அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் அந்தப் படங்கள் இப்போது வருவதில்லை.

போன மாதம் அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மாத்தளையில் இருந்து வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து, அண்ணனின் கூடாரத்துக்குக் கீழே எல்லாரும் கதிரையை வட்டமாகப் போட்டு உட்கார்ந்ததும், அண்ணி வழக்கம் போல் கதையை ஆரம்பித்தார். கறுப்புக் கண்ணாடி, பிஸ்கட், புதுச் சட்டை, ஒன்றையும் விடவில்லை. "வெரி குட், சார்" வந்ததும் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி எப்போதும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவார், காய்ந்த தோட்டம் வரைக்கும் போக மாட்டார். நானும் சிரிப்பேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. அண்ணன் மட்டும் அந்த இடம் வருவதற்கு முன்பே, கயிறெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போய்விடுவார்.