ஒரு மயிரிழை ஆழம்

செவ்வாய்க்கிழமைத் தாளிலும் ஐந்து ஓட்டைகள் ஐந்து திசையில் இருந்தன.

நகுலேஸ்வரன் அதை ஆணியிலிருந்து கழற்றி அளந்தான். திங்கட்கிழமை ஓட்டைகளை ஒரு தேநீர்க் கோப்பையால் மூடலாம். இவற்றுக்குச் சோற்றுத் தட்டு தேவைப்பட்டது.

லாசால் பகுதியில் மொசியு கஸ்தோனின் வேட்டைச் சாமான் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். பித்தளைக் கோதுக்குள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, அதன் வாயில் ரவை என்கிற குண்டைச் செருகித் தோட்டா செய்யவேண்டும். ரவை இறங்கும் ஆழத்தில்தான் குறி இருக்கிறது என்று கஸ்தோன் முதல்நாளே காட்டித் தந்திருந்தார். அதன் மூக்குக்கும் துவக்குக் குழலின் உள்வரிகளுக்கும் இடையே ஒரு மயிரிழைதான் விடலாம். எல்லாத் தோட்டாவிலும் அதே மயிரிழை. சனிக்கிழமை அவருக்குச் சுடும் போட்டி. தோட்டா சரியென்றால் நிரந்தர வேலை, அகதி விசாரணைக்கு ஒரு கடிதம் என்று சொல்லியிருந்தார்.

ஞாயிறன்றுதான் முதல் பெட்டி முடிந்தது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு பெட்டித் தோட்டாவை மேசையில் வைப்பான். மறுநாள் காலை, சுட்ட தாள் ஆணியில் தொங்கும். கஸ்தோன் அதைப் பார்த்து, "பா பொன்" என்று முனகிவிட்டுப் போவார். நல்லாயில்லை என்று அர்த்தம். மாலைப் பிரெஞ்சு வகுப்பில் இரண்டாம் பாடம்.

ரவையை அரை மயிரிழை ஆழமாக்கினான். புதன்கிழமைத் தாளுக்குச் சோற்றுத் தட்டும் போதவில்லை.

அறையில் கூட இருக்கும் கிறகரியிடம் சொன்னான். அவன் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன்.

"ரவை எண்டோடனை நான் உப்புமா எண்டெல்லோ நினைச்சன்," என்றான் கிறகரி. "அங்கை ரவைக்குப் பயந்து ஓடி வந்தனி. இஞ்சை அதுக்கு அளவெடுக்கிறாய். விசாரணையிலை என்ன வேலை எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

"கடிதம் கிடைச்சாத்தானே மச்சான் அந்தக் கேள்வி. ஆழம் பிடிபடாமல் நான் விடமாட்டன்."

ரவையைச் சற்று வெளியே விட்டுச் செருகினான். வியாழக்கிழமை ஓர் ஓட்டை தாளின் மூலைக்குப் போயிருந்தது. அளவுகோல் பிழையோ, தன் கண்தான் பிழையோ என்று இரண்டையும் சோதித்தான். அடுத்த பெட்டிக்கான அறுபது கோதுகளையும் ஒரே நீளத்துக்கு அராவினான். வெள்ளிக்கிழமைத் தாளில் நான்கு ஓட்டைகளே இருந்தன. ஐந்தாவது ரவை தாளிலேயே படவில்லை.

பிரெஞ்சில் நான்கு வசனம் எழுதிப் பாடமாக்கினான். பிழை என்னுடையது. நாளைக்கு அந்தத் தோட்டாக்கள் வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்கிறேன். சம்பளம் வேண்டாம்.

கடையில் கஸ்தோனின் மனைவி மடாம் இவெத் மட்டும் இருந்தார். நான்கு வசனத்தையும் ஒரே மூச்சில் சொன்னான். அவர் விளங்காமல் பார்த்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். கடிதம். திங்கட்கிழமைத் தேதியில் கையெழுத்து. அவன் செய்த முதல் பெட்டியில் ஐந்தைச் சுட்டதும் ஐந்தும் ஒரே ஓட்டைக்குள் போயினவாம். மிச்சத்தைக் கஸ்தோன் போட்டிக்கென்று அன்றே பூட்டி வைத்துவிட்டாராம்.

நகுலேஸ்வரன் ஆணியில் தொங்கிய தாளைக் காட்டினான்.

மடாம் இவெத் முகம் சிவக்க, தாளைக் கழற்றி மடித்தார்.

"இவையா? இவை நான் சுட்டவை. இந்தக் கிழமைதான் எனக்குப் பழக்குகிறார்."