நாலாவது ரிப்பன்

பொறுமையில்லாதவள் உயிரியல் டீச்சராக இருக்கக் கூடாது. இருந்தேன், அதுவும் தற்காலிகமாக.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ஒரு பள்ளி. அறிவியல் கண்காட்சியில் தாளாளர் மனம் குளிர்ந்தால் வேலை நிரந்தரமாகும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

செல் பிரிவதைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். குரோமோசோம்கள் ஜோடியாக நடுவில் நிற்கும். இருபுறமிருந்தும் நுண்குழல்கள் கயிறுபோல வரும். அந்தக் குழல்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்தான் குரோமோசோம்களைப் பிடித்து இழுக்கும். ஆனால் கடைசி ஜோடியும் தயாராகும்வரை இழுக்கக் கூடாது. அதைத் தடுத்து வைக்கவும் தனியாகப் புரதங்கள் உண்டு.

குரோமோசோமுக்கு எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீடுகளின் தலையணைகள். நான்கு ஜோடி, ஜோடிக்கு ஒரு ரிப்பன் கட்டு. குழலுக்குத் தேங்காய்நார்க் கயிறு. புரதத்துக்கு ஆள் வேண்டுமே? என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப் பிரிவு, அதன் கயிறு இழுக்கும் அணிக்குக் கேப்டன். அவரும் அவர் ஆட்கள் மூவரும் ஒரு பக்கம், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி பிரிவின் கேப்டனும் மூவரும் மறுபக்கம், ஆளுக்கு ஒரு கயிறு. (போன விளையாட்டு விழாவில் ஃபவுண்டரி இவர்களை மண்ணைக் கவ்வ வைத்தது எனக்கு உறைக்கவில்லை.) மெதுவாக இழுக்க வேண்டும் என்று பத்து முறை சொன்னேன். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

தாளாளரைக் கூப்பிட்டால் ரிப்பன் வெட்டத்தானே வேண்டும்? அந்த வேலையை அவருக்கே கொடுத்தேன். நான்கும் வெட்டிய பிறகு நான் விசில் ஊத, அவர்கள் இழுக்க வேண்டும். அதாவது, தடுத்து வைக்கும் புரதம் நான்.

மூன்றாவது ரிப்பனுக்கே கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊதிவிட்டேன்.

விசில் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெட்டிய மூன்று ஜோடிகளை இழுத்த ஆறு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். வெட்டாத நான்காவது ரிப்பனுக்குள் தாளாளரின் விரல்கள் இருந்தன. ஒரு பக்கம் ஃபவுண்டரி கேப்டன், மறுபக்கம் என் வீட்டுக்காரர். முடிவில் இரண்டு தலையணையும் தாளாளரும் என் வீட்டுக்காரரின் காலடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஃபவுண்டரி கேப்டனிடம் ஏன் கயிற்றை விடவில்லை என்று கேட்டேன். "விசிலு அடிச்சிட்டு உட்ருன்னா எப்டி டீச்சர்?" என்றார்.

தாளாளர் வேட்டியைத் தட்டிக்கொண்டே அமைதியாகக் கேட்டார்.

"இப்படிப் பிரிஞ்சா அந்தச் செல்லு என்னம்மா ஆகும்?"

பொய் சொல்ல வரவில்லை.

"பெரும்பாலும் பிழைக்காதுங்க ஐயா."

என் வேலையும் பிழைக்கவில்லை. சைக்கிள் பின்சீட்டில் வீடு வரும்வரை அழுதேன். முன்னால் மிதித்துக்கொண்டிருந்தவர் அப்போது சொன்ன ஆறுதலை, இன்றும் வீட்டுக்கு வரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"வேலை போனா இன்னா? ஃபவுண்டரிய ஜெயிச்சோம்ல."