தொப்பி போட்ட கேமரா

மதிப்பிற்குரிய 'ஏரிக்கரை வார இதழ்' ஆசிரியர் திரு. மெக்ரே அவர்களுக்கு,

தண்டர் பே நகரிலிருந்து ஹெல்கா நீமி மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் வீட்டு ஹீட்டரும், போன மாதத் தலையங்கத்தில் தாங்கள் விவரித்திருந்த தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நானும், என் கணவர் ரெய்னோவும், எங்கள் ஒன்பது மாதப் பெண் ஐலாவும் நலம். கார் மட்டும் நலமில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தங்கள் 'விலை குறைவு, பயன் நிறைவு' பகுதிக்காக, வீட்டுக்குள் வைக்கும் கண்காணிப்பு கேமரா ஒன்றை அனுப்பி, பயன்படுத்திப் பார்த்து ஒரு பக்கத்துக்கு மிகாமல் அறிக்கை எழுதச் சொல்லியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமையே தந்திருக்க வேண்டும். இன்று ஞாயிறு, வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று, ஒரு பக்கத்துக்கு மிகாது என்றும் என்னால் உறுதி சொல்ல முடியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாசகர் சேவைக்காக நான் இதற்குப் பெயர் கொடுக்கவில்லை. போன திங்கட்கிழமையோடு என் பிரசவ விடுமுறை முடிந்தது. ரெய்னோ கோதுமைக் கப்பலில் வேலை செய்பவர். ஐலா பிறந்ததிலிருந்து பெரும்பாலும் ஏரியில்தான் இருந்தார். இப்போது ஏரி உறைந்து, கப்பலைக் கட்டிப் போட்டுவிட்டதால், வசந்தம் வரும்வரை குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். இருபதாயிரம் டன் கோதுமையைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்று எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். கோதுமை உருண்டு போய் மேஜைக்கடியில் மின்சார வயரைக் கடிக்காதல்லவா, ஐயா! அதனால் கேமரா வருகிறது என்றதும் எனக்கு உயிர் வந்தது.

பொருள் பார்க்க அழகு. கோழிமுட்டை அளவு, வெள்ளை நிறம், தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். ஆனால் இணைப்பு கொடுக்கும்போது ஒரு பெண் குரல், "இணைப்புக்குத் தயார்!" என்று ரயில் நிலையத்தில் அறிவிப்பது போலக் கத்துகிறது. ஐலா விழித்துக்கொண்டாள். அவளைத் தூங்க வைத்துவிட்டு வந்தால், "இணைப்பு தோல்வி!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்துகிறது. மூன்றாம் முறை ரெய்னோவே எழுந்து வந்து, "அந்தம்மாவ உள்ள கூப்பிட்டு ஒரு காப்பி குடும்மா, பாவம் எவ்வளவு நேரம் வாசல்ல நின்னு கத்துவாங்க" என்றார்.

போன ஞாயிறு ரெய்னோ பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போயிருந்தபோது, நான் சோபாவில் உட்கார்ந்து முழுக் கவனத்துடன் சோதனை செய்தேன். கதவில் தொங்கிய கோட்டைப் பார்த்து 'நபர்' என்று கைபேசிக்குச் செய்தி அனுப்பியது. திரைச்சீலை ஆடினால் 'நபர்'. அப்புறம் மதியம் முழுக்க 'விலங்கு', 'விலங்கு', 'விலங்கு'. எங்கள் வீட்டில் விலங்கே கிடையாது, ஒரு தங்கமீன்கூடக் கிடையாது. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். சாயங்காலம் ரெய்னோ தாடியில் பனியும் தலையில் ரோமத் தொப்பியுமாக உள்ளே வந்தார். அவரும் விலங்கு. இந்த ஒன்றில் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நான் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறேன், அமைதியான இடம். என் கைபேசியோ சட்டியில் போட்ட மக்காச்சோளம் போல மேஜை மேல் துள்ளிக்கொண்டிருந்தது. 'குழந்தை அழுகிறது' என்று ஒரு செய்தி. பதறிப்போய்ப் பார்த்தால் ரெய்னோ பாடிக்கொண்டிருக்கிறார், குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஐலா நிஜமாகவே அழுதாள், கேமரா மூச்சுவிடவில்லை. மதியக் கூட்டத்தில், மேஜைக்கடியில் பார்க்கிறேன், இவர் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பனியைக் காட்டுகிறார். கேமராவில் நாம் பேசினால் அங்கே கேட்கும் வசதி உண்டல்லவா, அதை அழுத்தி, "ரெய்னோ! தலை மேல, கால் கீழ!" என்று கத்திவிட்டேன். அங்கே அவர் தூக்கிவாரிப்போட்டு நின்றார். இங்கே கல்லூரி முதல்வரும் அப்படியேதான் நின்றார். எங்கள் மேலாளர் டோரீன் கையை நீட்டி, "குடு அந்த போன. அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கோ. அவன் அப்பன்டி, ஆள் கடத்துறவன் இல்ல" என்று வாங்கி இழுப்பறையில் பூட்டிவிட்டார். அன்று மதியம் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் மதியம் திரை திடீரென்று இருண்டது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, தங்களுக்காகக் குறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து அதுவாகவே வெளிச்சம் வந்தது, ரெய்னோ ஒன்றும் அறியாதவர் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தார். புதன் மதியம் மறுபடி இருட்டு. இந்த முறை கூர்ந்து பார்த்தேன். இருட்டில் ஒரு பின்னல் தெரிந்தது. அது என் கம்பளித் தொப்பி! கேமராவின் தலையில் என் தொப்பியையே மாட்டியிருக்கிறார். (இங்கே ஒரு சோதனைக் குறிப்பு: கண்ணை மூட இந்தப் பொருளில் மூடி ஏதும் இல்லை, ஆனால் நடுத்தர அளவுத் தொப்பி கச்சிதமாகப் பொருந்துகிறது, ஒலியும் நன்றாகக் கேட்கிறது.) கேட்ட ஒலி இதுதான். தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ரெய்னோ, "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

ஆசிரியர் அவர்களே, தங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். டோரீனிடம் என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை, கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடிப்போய் காரைக் கிளப்பினேன். வழியெல்லாம் ஜனங்கள் கையாட்டினார்கள், என்ன நல்ல ஊர் என்று நானும் பதிலுக்குக் கையாட்டினேன். எஞ்சின் உறையாமல் சூடாக இருக்க, காரிலிருந்து அலுவலக வாசல் சுவரில் மாட்டி வைத்திருந்த மின்வயரைக் கழற்றாமலே கிளம்பியிருக்கிறேன். வயர், அதன் நுனியில் சுவரிலிருந்து பிய்ந்து வந்த பெட்டி, எல்லாம் என் பின்னாலேயே ஊர்வலமாக வந்திருக்கின்றன.

கதவைத் திறந்தேன். ரெய்னோ தரையில் நான்கு காலில் நிற்கிறார். கையில் இளஞ்சிவப்புப் பாகு தடவிய பன். விரிப்பின் அந்தக் கோடியில் ஐலா, மூக்கெல்லாம் பாகு.

"ஐயய்யோ, நீ ஏன் இப்பவே வந்த!" என்றார்.

"என்ன ஒளிக்கிற எங்கிட்ட? எதுக்குத் தொப்பி? எங்க விழுந்தா?"

"அவ எங்க விழுந்தா, நான்தான் விழுந்தேன். கத்தாத. பூட்ஸக் கழட்டாத. அப்படியே உக்காரு. பேரக் கூப்பிடு."

உட்கார்ந்தேன். கூப்பிட்டேன். ஐலா பன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பன்னை விட்டுவிட்டு, உள்ளங்கையைப் பட்டுப்பட்டென்று தரையில் அடித்துக்கொண்டு, பின்பக்கம் ஆட ஆட, அந்த அறை முழுவதையும் தவழ்ந்து கடந்து வந்து, என் பூட்ஸிலிருந்த பனியை நக்கினாள்.

நான் அழுதது கேமராவில் பதிவாகவில்லை. தொப்பி இருந்தது.

"மொத தடவ!" என்றார் ரெய்னோ, கூரையைப் பார்த்துக்கொண்டு. அவருக்குப் பொய் சொல்ல வராது. கால்சட்டை முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன.

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கெழம மத்தியானத்துலேர்ந்து." பன்னைத் தானே ஒரு கடி கடித்துக்கொண்டார். "சாயங்காலம் நீ வந்தா உன் மடிய விட்டு எறங்க மாட்டேங்குறா. போன்ல பாத்துடப்போறியேன்னுதான் தொப்பி. இவ மொதப் பல்ல நான் எப்படிப் பாத்தேன்? ஏரி நடுவுல, சிக்னல் விட்டு விட்டு வருது, அது பல்லா, ஓட்ஸ் கஞ்சியான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உனக்கு அப்படி வேணாம்னு நெனச்சேன், கேப்டன்."

எனவே, பலமுறை யோசித்து நான் வந்திருக்கும் முடிவு இது: இந்தக் கேமராவுக்கு ஒரே ஒரு நட்சத்திரம். மனிதரைத் தெரியவில்லை, அழுகையைத் தெரியவில்லை, இல்லாத விலங்கைச் சொல்கிறது. நம்பிக்கையான ஆள் வீட்டில் இருந்தால் இது தேவையில்லை. நாளையே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

தங்கள் கார் முதல் திருகலிலேயே கிளம்பட்டும், தங்கள் வாசல் பனியை வேறு யாராவது அள்ளட்டும், தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையுறைகள் ஜோடி பிரியாமல் வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
ஹெல்கா நீமி

பி.கு.: மேலே எழுதிய முடிவை அடித்துவிடவும். பெட்டியில் வைக்குமுன், எங்கள் வீட்டுப் படங்கள் தங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டாமே என்று உள்ளிருந்த நினைவு அட்டையை எடுத்துக் கணினியில் போட்டேன். போன ஞாயிறு மதியம், 'விலங்கு' என்று குறித்த வீடியோ. படத்தில் நான் சோபாவில் முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியை முறைத்துப் பார்த்தபடி சோதனை செய்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் ஐலா பாயிலிருந்து கிளம்பி, விரிப்பு முழுவதும் தவழ்ந்து வந்து, என் செருப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, திரும்பிப்போய் உட்கார்ந்துகொள்கிறாள். அடுத்த படமும் அதே. அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் கைபேசி என்னைக் கூப்பிடுகிறது, நான் "சே" என்று தள்ளிவிடுகிறேன். பாவம், அது தன்னால் ஆனவரை சொல்லியிருக்கிறது. ஐந்து நட்சத்திரம் போடுங்கள்.

கடிதத்தை மட்டும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். ரெய்னோ தங்கள் இதழை இந்த 'விலை குறைவு' பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். முதல் தவழலைப் பார்த்தது தான்தான் என்று ஊரெல்லாம், உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும் ஒவ்வொருவரிடமும், சொல்லி வைத்திருக்கிறார். கேமராவை அனுப்புகிறேன். அட்டை என் தையல் பெட்டிக்குள் போய்விட்டது. இதை எழுதும்போது கேமராவின் தலையில் தொப்பி இருக்கிறது. இந்த முறை போட்டது நான்.