ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறக்காத மென்பொருள்

இனி உயிருள்ளவரை எந்த ஞாயிற்றுக்கிழமையும் மச்சான் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். குளியலறையில்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதற்கும் தாழ்ப்பாள் சரியில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ரொம்ப நல்லவர். அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவரோ வாராவாரம் எங்களைக் கூப்பிட்டு, வயிறாரச் சாப்பாடு போட்டு, அந்தச் சாப்பாடு உள்ளே இறங்குவதற்குள் ஒரு பிரிண்டரைத் தூக்கிவந்து என் மடியில் வைப்பார்.

நான் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மனைவி வீட்டாரைப் பொறுத்தவரை இதற்கு ஒரே அர்த்தம், வயர் தொங்கும் எதையும் இவன் ரிப்பேர் செய்வான். பிரிண்டர், மடிக்கணினி, மச்சான் மனைவியின் இஸ்திரிப்பெட்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒருமுறை மாமனாரின் காதுக் கருவியையே கொடுத்தார்கள். நான் கழற்றி மாட்டியதில் ரொம்ப நாள் அவருக்கு யார் பேசியதும் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த அமைதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மச்சான் சும்மாவும் இருக்கமாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"பாத்தாச்சு மச்சான்."

"இல்ல, நல்லா ஆஃப் பண்ணி?"

நல்லா ஆஃப் பண்ணுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தப்பிக்க முயற்சி செய்யாமல் இல்லை. மனைவியிடம் தலைவலி என்றேன். "அண்ணன் வீட்ல மாத்திரை இருக்குங்க." தூக்கம் வருகிறது என்றேன். "அண்ணன் வீட்ல மாடி ரூம் காலியாத்தான் இருக்கு." ஆபீஸ் வேலை என்றேன். "அண்ணன் வீட்டு நெட்டு நம்ம வீட்டு நெட்டை விட வேகம்." எதைச் சொன்னாலும் அதற்கு மருந்து அண்ணன் வீட்டில் இருந்தது. கடைசியில்தான் எனக்கு உறைத்தது. என் கஷ்டத்தைச் சொல்லி இவளிடம் பயனில்லை. கஷ்டம் அவளுடையதாக இருக்கவேண்டும், அதைத் தீர்க்க நான் வீட்டிலேயே கிடக்கவேண்டும்.

என் மனைவி வீட்டு முன்னறையில் தையல்கடை நடத்துகிறாள். கல்யாணமான புதிதில் அவளை அசத்துவதற்காக நான் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பெயர் 'அளவுநாடா'. வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் திரையில் வரும், துணி தைத்து முடித்ததும் பில்லும் அச்சாகும். அவளும் அசந்துதான் போனாள். அவள் என்னைப் பார்த்து அசந்தது அதுவே முதலும் கடைசியும்.

பிறகு பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. புதியது புது விண்டோஸோடு வந்தது. அதில் அளவுநாடா ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி, திறக்கவே மாட்டேன் என்றது. இதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. மென்பொருளின் அமைப்புக்குள் போய், 'பழைய விண்டோஸில் ஓடுவதுபோல் ஓடு' என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட வேண்டும். அதாவது, "ஒன்றும் மாறவில்லையப்பா, நீ அதே பழைய வீட்டில்தான் இருக்கிறாய்" என்று அதன் காதில் பூச் சுற்றுவது. அது அப்படியே நம்பி ஓட ஆரம்பித்துவிடும். "முடியெல்லாம் கொட்டலைங்க, கல்யாணத்தப்ப இருந்த மாதிரியேதான் இருக்கீங்க" என்று சொல்லி என் மனைவி என்னை ஓட்டிக்கொண்டிருப்பதும் இதே முறையில்தான்.

அன்றிலிருந்து எது நடந்தாலும் "புது விண்டோஸோட ஒத்துப்போகல" என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை இத்தனை நாள் வீணடித்துவிட்டேனே என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை அவள் துணி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வேலையில் இறங்கினேன். இன்று ஞாயிறா? ஆம் என்றால் ஒரு பெட்டியைக் காட்டு, பிறகு மூடிக்கொள். அவ்வளவுதான் சங்கதி. பெட்டியில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி, பக்கத்தில் 'இந்த மென்பொருள் தற்போதைய விண்டோஸ் பதிப்புடன் ஒத்துப்போகவில்லை' என்ற வாக்கியம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தமிழில்தான் பேசும், அதனால் சந்தேகம் வராது. 'மீண்டும் முயல்', 'ரத்து செய்' என்றெல்லாம் பொத்தான் வைக்கலாமா என்று யோசித்தேன். எதற்கு? இவளுக்கு வாய்ப்புக் கொடுத்தால் நான் கெட்டேன். 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியையும் வேலை செய்யாமல் அடைத்துவிட்டேன். மாட்டினால் 'சரி' சொல்லித்தான் வெளியே வரவேண்டும்.

மறுநாள் காலை முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க! இங்க வாங்க. மறுபடி உங்க மஞ்சள் முக்கோணம்!"

"அடடா!" ஓடினேன். ஓடும்போதே நெற்றியைச் சுருக்கிக்கொண்டேன். "ஒத்துப்போகலையா? நெனச்சேன். நேத்து அப்டேட் ஆச்சு பாரு, அதான்."

"இப்ப என்ன பண்றது? நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி இருக்கு."

"நான் எதுக்கு இருக்கேன்? நீ அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வா. நான் உக்காந்து சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பாவம்ங்க நீங்க. ஞாயித்துக்கிழமையும் வேலை."

"உனக்காகச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?" இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. நடிப்பென்று சொல்லமுடியாது. சந்தோஷம்.

அவள் தெருமுனை திரும்பியதும் சோபாவில் விழுந்தேன். விழுந்த மறுநிமிடமே எழுந்தேன். தொலைக்காட்சியைப் போட்டேன், சத்தம் வெளியே கேட்குமோ என்று குறைத்தேன், குறைத்தால் எனக்கே கேட்கவில்லை, அணைத்தேன். படுக்கையில் போய்ப் படுத்தேன். தலையணைக்கு என்னைப் பிடிக்கவில்லை. குளிர்பதனப்பெட்டியைத் திறந்து எதையோ தேடி, எதைத் தேடினோம் என்று மறந்து மூடினேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் பாய்ந்து உட்கார்ந்தேன். எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பு. இந்த ஓய்வுக்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று இருந்தது. போதாக்குறைக்கு போன் வேறு.

"சரியாச்சாங்க?"

"பாத்துட்டே இருக்கேன்."

"என்னங்க பின்னால ஏதோ சத்தம்?"

"கீபோர்டு." டமடமவென்று தட்டிக் காட்டினேன்.

"கீபோர்டு விசிலடிக்குமா?"

அவசரமாக அடுப்பை அணைத்தேன். குக்கரை மறந்தே போயிருந்தேன்.

அடுத்த ஞாயிறும் முக்கோணம் வந்தது. நானும் நெற்றியைச் சுருக்கினேன், அவளும் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் ஒண்ணும் கேக்கலைங்க. உங்க தட்டை எடுத்து வச்சாரு. அப்புறம் நீங்க வரலைன்னதும் அவரே எடுத்து உள்ள வச்சுட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அந்தத் தட்டை அவர் உள்ளே வைப்பது கண்ணுக்குத் தெரிந்தது. உடனேயே மடியில் பிரிண்டர் இருப்பதும் தெரிந்தது. வருத்தம் போய்விட்டது.

"ஏங்க, அதென்ன ஞாயித்துக்கிழமை மட்டும் ஒத்துப்போக மாட்டேங்குது?"

எதிர்பார்த்த கேள்விதான். "சனிக்கிழமைதானே அப்டேட் வருது? ஞாயித்துக்கிழமை பிரச்சினை. நான் பாக்கறேன். திங்கட்கிழமை சரியாயிடுது. இதுல என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் எவ்வளவு அலைச்சல்."

அந்த வார நடுவில் நான் ஆபீசில் தலைக்குமேல் வேலையில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"ஏங்க, கடை போன் நம்பர் மாறிடுச்சுல்ல? பில்லுல பழைய நம்பரே வருது. எப்படி மாத்தறது?"

"எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்? 'செய்திகள்'னு ஒரு ஃபைல் இருக்கும் பாரு. அதைத் தொற. பழைய நம்பரை அழிச்சுட்டுப் புதுசைப் போட்டு சேவ் பண்ணு. அவ்வளவுதான். ப்ரோக்ராமைத் தொடவே வேணாம்."

"அளவுநாடா பேசறது எல்லாமே அந்த ஃபைல்லதான் இருக்குமா?"

இந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் மயங்கிவிட்டேன். என் வேலையைப் பற்றி அவள் கேள்வி கேட்பது அபூர்வம். "எல்லாமே! 'இடுப்பளவு போடவில்லை'ங்கறதுலேருந்து 'நன்றி, மீண்டும் வருக' வரைக்கும். அரைகுறை ஆளுங்கதான் வாக்கியத்தை எல்லாம் ப்ரோக்ராமுக்குள்ளயே எழுதி வைப்பான். நான் ஒரு வார்த்தைகூட உள்ள வைக்கமாட்டேன். அது என் பழக்கம்."

"நல்ல பழக்கம்ங்க" என்றாள்.

அந்தப் பாராட்டோடு நான் நிறுத்தியிருக்கக்கூடாது, கொஞ்சம் யோசித்திருக்கவேண்டும். ஆனால் பாராட்டு கிடைத்து ரொம்பக் காலமாகியிருந்தது.

அன்று முதல் அவள் என்னிடம் தேனாகப் பேச ஆரம்பித்தாள். கேட்காமலே காபி வந்தது. என் சட்டைகளில் விழுந்திருந்த பொத்தான்களை எல்லாம் தைத்து வைத்தாள். துண்டை நான் கட்டிலில் போட்டதை ஒருவரும் கண்டிக்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திட்டு விழும் வீட்டில் திட்டு விழவில்லை என்றால் மனிதன் எப்படித் தூங்குவான்? புரண்டு படுத்தேன். ஒருவேளை அவளுக்கு என் மேல் நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டதோ? அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பனியனோடு சோபாவில் சாய்ந்து முன்னறைக் குரலுக்காகக் காத்திருந்தேன். குரல் வரவில்லை. எழுந்து போனேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே கிளம்பத் தயாராகி, கையில் என்னுடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு நின்றாள்.

"அளவுநாடாவைத் தொறக்கலையா?" என்றேன்.

"இன்னிக்கு நீங்களே தொறங்க. என் கை ராசி சரியில்ல போல. நான் தொட்டாத்தான் முக்கோணம் வருது."

"கை ராசியாவது ஒண்ணாவது! இது தொழில்நுட்பம்" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தட்டுத் தட்டினேன். பெட்டி வந்தது. திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவள் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினேன்.

"பாத்தியா? மறுபடி அதேதான். தற்போதைய விண்டோஸ் பதிப்போட ஒத்துப்போகலையாம். நீ கிளம்பு. எனக்கு இன்னிக்கு ராத்திரி வரைக்கும் வேலை இருக்கும் போல."

"நல்லாப் படிச்சீங்களா?"

"இதைப் படிக்க வேற செய்யணுமா? மனப்பாடமாச்சே."

"எனக்காக ஒரு தடவை படிச்சுடுங்க. சத்தமா."

திரும்பினேன். அதே பெட்டி. அதே மஞ்சள் முக்கோணம். வாயைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன்.

"இந்த மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுதியவருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையுடன் ஒத்துப்போகவில்லை. அண்ணன் வீட்டுப் பிரிண்டர் மூன்று வாரமாகக் காத்திருக்கிறது. அண்ணி ஒரு மின்விசிறியும் எடுத்து வைத்திருக்கிறார். உடனே சட்டையை..."

அங்கேயே நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"மீதியையும் படிங்க."

"...சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பவும்."

"நம்பரை மாத்தலாம்னுதான் அந்த ஃபைலைத் தொறந்தேன்" என்றாள், சட்டையை உதறிக்கொண்டே. "நன்றி, மீண்டும் வருகவுக்கு அடுத்த வரியிலேயே இருந்துச்சு. விண்டோஸ் பேச வேண்டியதை நம்ம ஃபைல்ல யாருங்க எழுதினது?"

மவுஸைப் பெருக்கல் குறிக்கு நகர்த்தி அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். நான் செய்த வேலை என்றைக்கும் சுத்தமாகத்தான் இருக்கும். 'ரத்து செய்' எங்காவது இருக்கிறதா என்று பெட்டியின் நான்கு மூலையிலும் தேடினேன். அவள் சட்டையின் கைகளை விரித்து, நான் நுழைவதற்கு வசதியாகப் பின்னால் வந்து நின்றாள்.

பெட்டியில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. 'சரி' என்று.