வெள்ளைக்காரி மறந்த உப்பு

"ஏன்டி, வாக்கப்பட்டு வந்த வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே இன்னும் உனக்குப் பிடிபடல. அதுக்குள்ள எங்க வீட்டு அடுப்படிக் கதை கேக்குதோ? போ, போயி புருசனுக்குச் சோத்தப் போடு."

நேற்று எதிர்வீட்டுப் புது மருமகளை இப்படித்தான் விரட்டினேன். அவள் போகவில்லை. போகாமல் நிற்கிறவளிடம் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்கும் வாய்க்கட்டு கிடையாது. அதோடு, தெருவில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் ரொட்டிக்குள் கருவாட்டை வைத்துவிட்டேன் என்று ஒருத்தி கோயில் வாசலிலேயே சொல்லியிருக்கிறாள். (அபாண்டம்! கருவாடு அதுக்குள்ள இல்லவே இல்ல. மாதா சத்தியம்.) அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் மருமகள் ஜான்சி, கல்யாணத்துக்கு முன்னால் கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். அங்கே இருந்த வயதான சிஸ்டர் ஒருவர், ஊரைவிட்டுப் போகும்போது ஒரு பழைய சமையல் புத்தகத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டை இல்லை, முதுகு இல்லை, முனையெல்லாம் கரப்பான் தின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரி எழுதியதாம். அதில் பாதிக்கு மேல் சாண்ட்விச். ஜான்சிக்கு இங்கிலீஷ் வரும். எனக்கு? இரண்டாம் வகுப்பில் டீச்சர் என்னைப் பார்த்து அழுததோடு என் படிப்பு முடிந்துவிட்டது.

போன மீன்பிடித் தடைக்காலம். மீன்பிடிக்கப் போகிற போட்டு கரையில் கிடந்தது. என் மகன் சேசு, பேரனை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். ஒரு நாள் ஜான்சி ஓடிவந்து சொன்னாள்: "மாமி, பாம்பன் பக்கம் கடக்கரையில புதுசா ஒரு தங்குற விடுதி தொறந்துருக்காகல்ல? அந்த அனிதா மேடம், சாயங்காலம் டீயோட குடுக்கப் பழைய காலத்துப் பலகாரம் தேடுறாகளாம். என் புத்தகத்தப் பத்திச் சொன்னேன். சனிக்கிழமை செஞ்சு கொண்டாரச் சொல்லிருக்காக. புடிச்சிருந்தா தினமும் என்கிட்டதான்."

"தினமும் வெறும் ரொட்டியத் தின்னுக்கிட்டு எவன்டி இருப்பான்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இந்த வீட்டுல நான் என்ன ஆக்குனாலும் அது உங்க கொழம்பு, உங்க பொரியல். ஊரே அப்படித்தான சொல்லுது? எனக்குன்னு ஒரு கைவேல வேணும் மாமி."

சுருக்கென்றது. (ஊரு சொல்றது நெசந்தான். அத ஊருக்குச் சொல்லிக்குடுத்ததே நாந்தான்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளைக்காரி ஆட்சி. ஜான்சி படிப்பாள், செய்வாள், நாங்கள் வாயைத் திறப்போம். முதலில் வெள்ளரிக்காய். ரொட்டி நனைந்த துண்டு மாதிரி தொங்கியது. அடுத்தது, வாழைப்பழத்தை மசித்து அதில் பச்சை வெங்காயத்தை அரிந்து போட்டு ஒன்று. அதை ஒரு கடி கடித்த சேசு, வெகு நேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "பழத்தச் சும்மா குடுத்திருந்தா தின்னுருப்பேன்ல" என்றான் கடைசியில், பாவம்.

இன்னொரு நாள் பக்கத்தைப் புரட்டியவள், "இதுல நாக்கு சாண்ட்விச்சுன்னு ஒண்ணு போட்டுருக்கு. மாட்டு நாக்க அவிச்சு, மெல்லிசா அரிஞ்சு..." என்றாள்.

"மாட்டுக்கு எங்க போக? வீட்டுலயே ஒண்ணு நீளமா இருக்கே" என்று சேசு என்னைப் பார்த்தான்.

"ஏலே, இத அரிய ஒங்க போட்டுல இருக்க கத்தியெல்லாம் பத்தாதுலே" என்றேன்.

கடைசியில் ஒன்று அமைந்தது. அவித்த முட்டையை வெண்ணெயோடு மசித்து, கொஞ்சம் கடுகுத்தூள், மேலே மாங்காய் இனிப்புப் பச்சடி மெல்லிசாய்ப் பூசியது. ஓரத்தை வெட்டி எறியச் சொல்லியிருந்தாள் வெள்ளைக்காரி. (எறியிறதாவது! எல்லா ஓரத்தையும் நாந்தான் கொழம்புல முக்கித் தின்னேன்.) அந்த முட்டை சாண்ட்விச்சைத் தின்ற சேசு இன்னொன்றுக்குக் கையை நீட்டினான். ஜான்சி முகத்தில் அன்றைக்குத்தான் விளக்கு எரிந்தது.

சனிக்கிழமை காலையிலேயே எல்லாம் செய்து தட்டில் அடுக்கிவிட்டாள். ஆனால் ஞாயிற்றுப் பூசைக்காக அன்றைக்குக் கோயிலைக் கழுவிப் பூ வைக்கிற முறை, எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு. முறையைத் தட்ட முடியாது. துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மாமி, புத்தகத்துல போட்டபடி சொல்றேன். அடுக்கடுக்கா வச்சு, ஈரத்துணியச் சுத்தி, மேல கனமா ஒண்ண ஏத்தி, வெயில் படாத எடத்துல வச்சிருங்க. சாயங்காலம் வரைக்கும் காயாம, விரிஞ்சு போகாம இருக்கும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"போடி, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

குண்டானை எடுத்தேன். ஒரு அடுக்கு வைத்தேன். கை நின்றுவிட்டது.

அடுக்கடுக்காக வைப்பது, ஈரத்துணி மூடுவது, மேலே கல்லேற்றுவது, நிழலில் வைப்பது. இது எனக்குத் தெரிந்த வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீனைக் கீறி இப்படித்தான் நான் கருவாட்டுக்குப் போடுகிறேன். என் மாமியார் அப்படித்தான் போட்டாள், அவள் மாமியாரும் அப்படித்தான். ஆனால் இதில் ஒன்று குறைகிறதே! உப்பு எங்கே? அடுக்குக்கு ஒரு கை உப்புப் போடாமல் கல்லேற்றினால், சாயங்காலத்துக்குள் தெருநாய் கூட மூக்கைப் பொத்திக்கொண்டு போகுமே!

வெள்ளைக்காரி மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். பாவம், அவள் வீட்டில் வேலைக்காரன் போட்டிருப்பான், அவளுக்கு என்ன தெரியும்? என் மருமகள் பிழைப்பு ஒரு வெள்ளைக்காரியின் மறதியால் கெட்டுப்போகலாமா? கல் உப்பை எடுத்தேன். அடுக்குக்கு ஒரு கை. முட்டையாச்சே, சீக்கிரம் கெடுமே என்று மேல் அடுக்குக்கு இரண்டு கை. துணியை நனைத்துப் போர்த்தி, கொல்லையில் கிடந்த கருவாட்டுக் கல்லைக் கழுவி ஏற்றினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஒரு வெற்றிலையும் போட்டேன்.

ஜான்சி ஓட்டமாய் வந்தபோது ஆட்டோ வாசலில் நின்றது. கல்லை இறக்கிவைத்து, குண்டானைத் துணியோடு கட்டித் தயாராக வைத்திருந்தேன். "தெறந்து பாக்கவா மாமி?" என்றாள். "தெறந்தா காத்துப் படும், ஏறுடி" என்றேன். குண்டானை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். அடியில் லேசாகத் தண்ணீர் கசிந்தது. நல்லாப் பதமாகியிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த விடுதிக்கு வருகிறவர்கள், பெரிய காற்றாடியை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் நின்று கடல் மேல் ஓடுகிறவர்கள். வெள்ளைக்காரரும் இருந்தார்கள், நம்ம பெங்களூர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாரும் பசியோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சி துணியை விலக்கினாள்.

சாண்ட்விச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி, தகடாய்ப் படுத்துக் கிடந்தன. ஜான்சி முகம் வெளுத்தது. அதற்குள் அனிதா மேடம், "பழைய காலத்துல இப்படித்தான் பிரஸ் பண்ணுவாங்க, ரொம்பக் கரெக்ட்!" என்று எல்லாருக்கும் பரிமாறிவிட்டார்.

கடித்தார்கள். நெட்டையாய் ஒரு வெள்ளைக்காரப் பையன், நாள் முழுக்கக் கடல் தண்ணீரைக் குடித்தவன், மென்றுகொண்டே கடலைத் திரும்பிப் பார்த்தான், அது எப்படி இங்கே வந்தது என்கிற மாதிரி. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர். ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். மேடம் மட்டும் மரியாதைக்கு விழுங்கினார். அது தொண்டையில் இறங்குகிற பாதை வெளியிலேயே தெரிந்தது.

ஜான்சி ஒரு முனையைக் கிள்ளி வாயில் வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். சரி, இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் என் மானம் கப்பலேறப் போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

"மன்னிச்சிருங்க மேடம்" என்றாள் ஜான்சி. "நாந்தான். கை தவறி உப்புக் கூடிருச்சு."

அந்தப் பிள்ளை இத்தனை நாள் ஆசைப்பட்ட வேலை அந்தக் குண்டானில் செத்துக் கிடக்கிறது. அதையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்.

"பொய் சொல்றா மேடம்!" என்றேன். விடுதியே திரும்பிப் பார்த்தது. "இது அவ கை இல்ல, என் கை. அவ செஞ்சது தேனா இருந்துச்சு. ஈரத்துணி போடு, கல்லத் தூக்கி வையின்னு எல்லாஞ் சொன்ன அந்த வெள்ளக்காரி உப்ப மறந்துட்டாளேன்னு நாந்தான் அள்ளிப் போட்டேன். நாங்க கருவாடு போடுற சாதி சனம். உப்பில்லாம எங்களுக்குக் கல்லேத்தத் தெரியாது."

மேடம் என்னைப் பார்த்தார். குண்டானைப் பார்த்தார். "ரொட்டியைக் கருவாடு போட்டீங்களா பாட்டி?" என்று கேட்டவர், சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் நின்றார். அதை இங்கிலீஷில் எல்லாருக்கும் சொன்னார். அந்த நெட்டையன் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தான். "ஜான்சி, திங்கக்கிழமை திரும்பக் கொண்டு வாங்க" என்றார் மேடம். "பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும்."

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்: "ஏன்டி ஒம் மேல போட்டுக்கிட்ட?"

"ஒங்கள வையிறதா இருந்தா வீட்டுல வச்சு நான் வைவேன். வெளியாளு எதுக்கு வையணும்?"

சொன்னபடியே வைதாள். வீடு வரும்வரை காத்திருக்கவில்லை, ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஆட்டோக்காரன் கேட்கிறதற்காகவே வண்டியை மெதுவாக ஓட்டினான். (வெளியாளுன்னா அவன் யாராம்?)

திங்கட்கிழமை என்னைக் கூடத்தில் உட்காரவைத்து, சேசுவைக் காவல் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள் போனாள். அன்றைக்கு வேலை அவளுக்குக் கிடைத்தது. இன்றைக்கும் சாயங்காலமானால் அவள் டப்பாக்கள் பாம்பனுக்குப் போகின்றன. தெருவில் ஜான்சி சாண்ட்விச் என்றுதான் பேர். என் பேர் அதில் ஒட்டவே இல்லை. எனக்குக் கிடைத்தது வேறு. பேரனுக்குக் காய்ச்சல் என்று தைலம் தேய்த்தால் "அம்மா, உப்புப் போட்டியா?" என்கிறான் சேசு. போட்டு இன்ஜின் கிளம்பவில்லையா, "அம்மாவக் கூப்புடுலே, ஒரு கை உப்புப் போடட்டும்" என்கிறான். நான் இருமினால்கூட அதையே கேட்கிறான்.

விடுதிக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்துவீட்டுப் பிலோமினாவும் இன்னும் இரண்டு பேரும் என்னை மறித்துக்கொண்டார்கள். "என்ன மதினி, விடுதியில பலகாரம் எப்படி எடுபட்டுச்சு?"

"அத ஏன் கேக்குற?" என்றேன். "என் கைப்பக்குவத்த ஒரு கடி கடிச்சவுகளுக்குப் பேச்சே வரல. ஒரு பிள்ளைக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது. ஒருத்தன் எந்திரிச்சே நின்னுட்டான். நெட்டையா ஒரு வெள்ளக்காரன் தேடி வந்து கை குடுத்தான். அந்த மேடம்தான், பாட்டி, நீங்க இனிமே இந்தப் பக்கம் வந்து செரமப்பட வேணாம், வீட்டுலயே இருங்கன்னு கும்புடாத கொறையாச் சொல்லிட்டாக."

"எனக்கும் ரெண்டு எடுத்து வைக்கக்கூடாதா?" என்றாள் பிலோமினா ஏக்கமாக.

"நான் பக்குவம் பண்ணுனது தீந்து போச்சுடி" என்றேன். "மருமக நாளைக்குச் செய்யிறா. அது ஏதோ சுமாரா இருக்கும், வந்து தின்னுட்டுப் போ."