தப்பிக்கும் வழியை மறைத்த படம்

லைப்சிக்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க ரோஸ்விதா அத்தைக்கு,

தெக்லா எழுதுவது. இங்கு நான் நலம், அப்பா நலம், குறை கண்டுபிடிக்கும் அப்பாவின் கண்கள் இரண்டும் மிக மிக நலம். உங்கள் முழங்கால் படியேறச் சம்மதிக்கிறதா, பால்கனித் தக்காளி பழுத்ததா, பூனை பக்கத்து வீட்டுக்காரரை மன்னித்துவிட்டதா என்று சாவகாசமாக எழுதுங்கள்.

சனிக்கிழமை நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். "இது நான் வரைஞ்ச படம்ப்பா" என்று சொல்லவில்லை. "முழுநேர நிரந்தர வேலை வேணுமா, அரைநாள் போதுமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல பதில் சொல்லணும், எனக்கு அரைநாள் போதும், பழைய ஆலையில ரெண்டு சிநேகிதிகளோட சேர்ந்து வரையறதுக்கு ஒரு அறை பாத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லவில்லை. "தயவுசெஞ்சு அதைக் கீழ இறக்காதீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது இரண்டுக்குத்தான், ஒன்று தீ, இன்னொன்று நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவைப் பற்றி அவருடைய அக்காவுக்கே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் சொல்கிறேன். தீயணைப்புத் துறையில் முப்பத்தொரு வருடம் கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதினார். அத்தனை வருடத்தில் "குறை: ஏதுமில்லை" என்று எழுதி அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்றுகூடக் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில்கூட, மண்டபத்தின் பின்கதவு உள்பக்கமாகத் திறக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கேக்கை வெட்டினார். ஏழு வயதில் நான் ஒரு வீடு வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, புகைபோக்கி துடைப்பவர் ஏறுவதற்குக் கூரைமேல் ஓர் ஏணி போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோபத்தில் வைத்திருக்கிறேனா, அன்பில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

ஆகவே நான் போட்ட திட்டம் இது. பழைய நூல் ஆலையில் உள்ள ஓவியக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து கதவைத் திறந்துவைக்கும் நாள் சனிக்கிழமை. அங்கே மூன்றாம் மாடியில் போலென்ஸ் அம்மையாரின் கூடத்தில் முதல் முறையாக என் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. யார் வரைந்தது என்று தெரியாமல் அப்பா அதன்முன் நிற்க வேண்டும், என்ன சொல்கிறார் என்று நான் கேட்க வேண்டும், அதைக் கேட்டபின் ஆபீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். படத்துக்குக் கீழே பெயர்ச்சீட்டு இல்லை, எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் தனித் தாளாக வாசல் மேசையில் கிடக்கும், அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றரை மணிக்குக் காப்பியும் பிளம்பழக் கேக்கும் உண்டு என்று சொன்னதும் அப்பா கிளம்பிவிட்டார்.

முதல் கூடத்தில் ஒன்பது பெரிய ஓவியங்கள் இருந்தன. அப்பா ஒன்பதையும் விட்டுவிட்டு மூலையில் இருந்த தீயணைப்பான் முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். இவ்வளவு ஆழ்ந்து ஒருவர் பார்த்தால் ஏதோ இருக்கும் என்று எண்ணி மூன்று பேர் அவருக்குப் பின்னால் குந்தினார்கள், அதில் ஒரு அம்மாவுக்குப் பிறகு எழுந்திருக்க முடியாமல் நான் கைகொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் அவர் அப்பாவிடம், இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று மெல்லக் கேட்டார். "தேதி தாண்டிடுச்சும்மா, ஒருத்தரும் கண்டுக்கல" என்றார் அப்பா. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டாவது கூடம் இருட்டறை. சுவரில் பனிக்கடலின் காணொளி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முழு இருட்டு வேண்டுமென்பதற்காகக் கதவுக்கு மேலே இருந்த பச்சை அவசர வழி விளக்கைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். நான் தடுப்பதற்குள் அப்பா துணியை உருவி, நான்காக மடித்து, காவலில் இருந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார். கடல் முழுக்கப் பச்சையானது. இதுவும் படைப்பின் ஒரு பகுதி என்று உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள். ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அந்தப் பெண் துணியோடு விறைத்து நிற்க, "பாத்தியா, பத்திரமா இருந்தா ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பிறகு மூன்றாம் மாடிக்கு ஏறினோம். அப்பா வாசல் மேசையில் கிடந்த தாள்களையெல்லாம் வழக்கம்போல ஒவ்வொன்று எடுத்து மடித்துக் கோட்டுக்குள் வைத்தார், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழிவறைக்குப் போகும் நடைவழியில்தான் என் படம் தொங்கியது. எல்லோரிலும் இளையவள் நான், எனக்கு நடைவழி என்று போலென்ஸ் அம்மையார் சொன்னபோது நான் மறுத்து ஒன்றும் பேசவில்லை. (சொல்லாமல் விடுவதில் எனக்கு நெடுநாள் பழக்கம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.) படம் நான் வளர்ந்த, அப்பா இன்றும் இருக்கிற நம் வீட்டு மாடிப்படிதான், நான்காம் மாடியிலிருந்து கீழே பார்த்தால் தெரிகிற மாதிரி. இந்த வாரம் படி துடைக்கும் முறை நமது என்பதற்கு அடையாளமாக நம் கதவுக் கைப்பிடியில் அந்தச் சின்ன மரப்பலகை தொங்குகிறது. படியில் வாளி இருக்கிறது. குனிந்து துடைக்கும் ஒரு மனிதரின் முதுகு. முகம் இல்லை.

அப்பா நேராக அதன்முன் போய் நின்றார். அவர் சட்டத்தின் ஓரத்தை ஒரு விரலால் சற்றே நகர்த்திப் பின்னால் எட்டிப் பார்த்தார். அத்தை, என் படத்துக்குப் பின்னால், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் வரைபடம் இருந்தது.

"இதை இங்க மாட்டின புண்ணியவான் யாரு?" என்றார், பதிலுக்குக் காத்திராமல் படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஒருவர் படத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்று யாரோ போய்ச் சொல்ல, போலென்ஸ் அம்மையார் ஓடி வந்தார். அவர் என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அம்மையார் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டு, படத்தை இடம் மாற்ற ஓவியருக்குச் சம்மதமில்லை என்று அறிவித்தார்.

"தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு உங்க ஓவியருக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்க."

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் யோசிக்காமல் இடப்பக்கம் கையைக் காட்டிவிட்டேன்.

"அது கழிவறை" என்றார் அப்பா. நீ ஏன் பதில் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நடந்துவிட்டார்.

பெரிய கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு இடம் காலியாக இருந்தது, ஆணிகூட அடித்துத் தயாராக. ஹம்பர்க்கிலிருந்து பெயர்பெற்ற ஓவியர் ஒருவர் தன் படத்தோடு ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், அவருக்கான இடம் அது என்று அம்மையார் பின்னாலேயே வந்து மன்றாடினார். வண்டி எத்தனை மணிக்கு என்று அப்பா கேட்டார். ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டும் என்றார் அம்மையார். அப்போது மணி மூன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ரயில் தாமதம் என்ற அந்த ஒரு விஷயத்தில் இந்த நாட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. "வண்டி வரட்டும், அப்ப இறக்கிக்கலாம்" என்று அப்பா என் படத்தை அந்த ஆணியில் மாட்டினார். கோட்டுப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து (ஆமாம், ஓவியம் பார்க்க வருகிறவர் பையில் ரசமட்டம்) மேல்சட்டத்தின்மேல் வைத்தார். குமிழி நடுவுக்கு வர நான்கு முறை தட்டினார். இரண்டடி பின்னால் வந்தார். மூன்றடி வந்தார். ஜன்னல் வெளிச்சம் அந்த வாளித் தண்ணீரில் விழுந்தது. அது அப்படித்தான் விழ வேண்டும் என்று நினைத்து வரைந்தவள் நான், ஆனால் நானே அன்றுதான் பார்த்தேன்.

ஏணி எங்கே போடுவார் என்று நான் காத்திருந்தேன்.

"மூணாவது படி ஓரம் உடைஞ்சிருக்கும். அதையும் விடல" என்று மட்டும் சொன்னார். பிறகு மணி மூன்றரை ஆகிவிட்டது. இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார், இரண்டாவதில் பிளம்பழம் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது என்றார். டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வீடு வரை ஆறு நிறுத்தமும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும்தான்.

அவர் சொன்னது பாராட்டா, குறையா என்று மூன்று நாளாக யோசித்து யோசித்து ஆபீஸில் இரண்டு பேருக்குத் தப்பான படிவத்தை அனுப்பிவிட்டேன். எனவே உங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்வது: ஒவ்வொரு செவ்வாயும் மாலை ஆறு மணிக்கு அப்பா உங்களுக்குத் தொலைபேசுவார் அல்லவா, இன்றைக்குள் இந்தக் கடிதம் வந்து சேராது, அடுத்த செவ்வாய் பேசும்போது, படி நம் வீட்டுடையது என்று கண்டுகொண்டும் அவர் கேட்காமல் விட்டதை, அந்தப் படத்தை வரைந்தது யார் என்பதையும் அரைநாள் வேலையையும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும், நானும் முழுநேர வேலைக்கே தலையாட்டிவிட்டிருப்பேன், ஆனாலும் சொல்லுங்கள். என்றாவது ஒருநாள் உதவும்.

உங்கள் முழங்காலுக்கு வலிமையும் தக்காளிக்கு வெயிலும் பூனைக்குப் பெருந்தன்மையும் கிடைக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மறவாத
தெக்லா

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): தபால்தலை வாங்க மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்தது. மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிறுத்தம் தள்ளி இருக்கிற அப்பாவிடமிருந்து நேற்று எனக்குத் தபால் வந்தது. போலென்ஸ் அம்மையாருக்கு அவர் தட்டச்சு செய்து அனுப்பிய அறிக்கையின் நகல். எட்டுக் குறைகள். ஒன்பதாவது, நடைவழியில் வரைபடத்தை மறைத்த படம் உடனடியாக அகற்றப்பட்டது என்கிறது. பத்தாவதை அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி படம், பட்டியலில் எண் பதினான்கு. வரைந்தவர் என் மகள். புதிய இடத்தில் மட்டம் சரிபார்க்கப்பட்டது. குறை: ஏதுமில்லை." கீழே கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே பென்சிலில்: "பட்டியலை வாசல்லயே படிச்சுட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். தீப்பிடிச்சா வலப்பக்கம் ஓடணும்."

நானே தொலைபேசியில் அரைநாள் விஷயத்தைச் சொன்னேன். அந்த அறைக்கு எத்தனை கதவு என்று கேட்டார். இரண்டு என்றேன்.

ஹம்பர்க் ஓவியர் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்தாராம், அவர் படம் நடைவழியின் எதிர்ச்சுவரில் இருக்கிறது. இன்று காலை அரைநாள் வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன்.